ஏரிக்கரையில் ஐந்து நாள்: ஓர் உயிரினக் கணக்கெடுப்பின் நாட்குறிப்பு

முதல் நாள்

கிழக்கு வெளுக்கும் முன்பே ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். இந்த ஒரே ஏரியிலும், அதன் கரையிலும், கரைக்கு வெளியே ஒட்டிக் கிடக்கும் புதர்க்காட்டிலும் ஐந்து நாள்களில் கண்ணிலும் காதிலும் படுகின்ற உயிரினங்கள் அத்தனையையும் பதிவு செய்ய வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். தொலைவைப் பார்த்தால் இதைப் பயணம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து மறுமுனை மதகு வரை ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நிற்காமல் நடந்தால் இருபது நிமிடம்.

இத்தகைய கணக்கெடுப்புக்குப் பயோபிளிட்ஸ் என்று பெயர். 1996ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், கெனில்வொர்த் நீர்த்தோட்டத்தில், ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் ஒன்றுகூடி ஒரே நாளில் அவ்விடத்து உயிரினங்களைத் தேடித் தேடிக் குறித்தபோது பிறந்த சொல் அது. ஜெர்மன் மொழியில் 'பிளிட்ஸ்' என்றால் மின்னல். வழக்கமாக 24 மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். எங்களில் ஒருவருக்கும் மின்னல் வேகம் கிடையாது என்பதால் ஐந்து நாள் எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் ஐந்து பேர். நானும் என் நண்பரும் பறவை பார்ப்பவர்கள். ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் வந்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. அவருடைய பன்னிரண்டு வயதுப் பேரன் யாரும் அழைக்காமலே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஐந்தாமவர் பூச்சிகளையும் சிலந்திகளையும் படிக்கும் கல்லூரி மாணவி. நீர்நிலைக்குப் பொறுப்பான அலுவலகத்தில் முன்னதாகவே எழுத்துமூலம் அனுமதி பெற்றிருந்தோம்.

இருட்டு விலகக் காத்திருந்த நேரத்தில் விதிகளைப் பேசி முடித்தோம். தானாக வளர்ந்ததும் தானாக வந்ததும் மட்டுமே கணக்கில் சேரும். யாரோ நட்ட மரமும் யாரோ வளர்க்கும் மாடும் சேரா. உயிரோடு பார்த்திருக்க வேண்டும், அல்லது வேறொன்றோடு குழப்ப முடியாத தடயம் இருக்க வேண்டும்: பாம்பு உரித்த சட்டை, இறகு, காலடி, எச்சம். நாள், நேரம், இடம், சான்று ஆகிய நான்கும் இல்லாத பதிவு பதிவே அல்ல. புரட்டிய கல்லைப் புரட்டியபடியே திரும்ப வைக்க வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வெளியே வரவழைக்கக் கூடாது. கூடு கண்ணில் பட்டால் அதன் இடத்தை எழுதக் கூடாது.

காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் 41 பறவைகள் பட்டியலேறின. முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, குருட்டுக்கொக்கு, சம்புப் புதருக்குள்ளிருந்து விடாமல் கத்திக்கொண்டிருந்த கதிர்க்குருவி என்று எல்லாம் எதிர்பார்த்தவையே. ஒன்பதிலிருந்து நண்பகல் வரை மூச்சுப் பிடித்துத் தேடியும் ஆறுதான் கூடின. மாலையில் இன்னும் ஐந்து. 52 என்ற எண்ணோடு நானும் நண்பரும் கொஞ்சம் மிதப்பாகவே ஐயாவைத் தேடிப் போனோம். காலையில் எந்த மதகடியில் விட்டுவிட்டுப் போனோமோ அங்கிருந்து அவர் ஐம்பதடிகூட நகர்ந்திருக்கவில்லை. குறிப்பேட்டில் 63 செடிகொடிகள் இருந்தன. நாயுருவி, தும்பை, நெருஞ்சி, நீர்ப்பிரம்மி, வல்லாரை வரை எனக்கும் பெயர் தெரியும். அதற்கப்பால் நான் காலையிலிருந்து மிதித்துக்கொண்டு நடந்த பச்சை அத்தனையும் எனக்கு வெறும் பச்சைதான்.

உலகில் பெயரிடப்பட்ட பறவையினங்கள் ஏறத்தாழ 11,000. வண்டினங்கள் மட்டுமே ஏறத்தாழ 4,00,000. இந்த விகிதத்தைப் பலமுறை படித்திருக்கிறேன், பிறரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஐயாவின் குறிப்பேட்டைப் பார்த்த பிறகுதான் என் இத்தனை ஆண்டுக் கால ஏரிப் பட்டியல்கள் ஏரியைப் பற்றியவை அல்ல, பெரும்பாலும் என்னைப் பற்றியவை என்பது உறைத்தது.

இரண்டாம் நாள்

இன்று பறவைகளை நண்பரிடம் விட்டுவிட்டு மாணவியோடு கிளம்பினேன். புதர்க்காட்டின் ஓரத்தில் இடுப்புயரத்துக்கு நின்ற ஓர் எருக்கஞ்செடியின் முன்னால் அவர் முழங்காலிட்டு உட்கார்ந்தார். மணி அப்போது ஏழேகால். எழுந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது.

முதலில் எனக்கு இலையும் பூவும் மட்டுமே தெரிந்தன. இளங்கொழுந்தின் அடிப்பக்கத்தை அவர் மெல்லத் திருப்பிக் காட்டினார். எலுமிச்சை மஞ்சளில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டியிருந்தன. அவற்றினிடையே எறும்புகள் ஓடியாடி, அசுவினி சுரக்கும் இனிப்பு நீரைத் துளித்துளியாக வாங்கிக்கொண்டிருந்தன. அதே கொழுந்தில் பொறிவண்டு ஒன்று அசுவினிகளைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு இலை தள்ளி அதன் புழு, அதுவும் அசுவினியைத்தான் தின்றது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை என்னிடம் கொடுத்து, "அண்ணா, அந்த ஓரத்தில் அசையாமல் இருப்பதைப் பாருங்கள்" என்றார். பறவை எச்சம் என்று நான் கடந்து போயிருக்கக்கூடிய ஒன்று, தலையை நீட்டி ஓர் அசுவினியைக் கவ்விச் செடியிலிருந்து தூக்கி உறிஞ்சிவிட்டு, தோலை மட்டும் கீழே போட்டது. பூவீ என்ற ஈயின் புழுவாம் அது. கண்ணும் இல்லை, காலும் இல்லை. இரைக்கு மட்டும் குறைவில்லை.

இன்னொரு கிளையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இருந்தது. உடலெங்கும் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமான வளையங்கள், முதுகில் மூன்று இணைக் கரிய கொம்புகள். எருக்கின் இலையைக் கிள்ளினால் பால் வடியும் என்பது யாவருக்கும் தெரியும். அந்தப் பால் வாயில் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் புழு இலையின் நரம்பை முன்கூட்டியே கடித்துவிட்டு, பால்வரத்து குறைந்த பகுதியைத் தின்கிறது. கடித்த இடத்தில் வெள்ளையாய் ஒரு முத்து திரண்டு நின்றது. இலையைத் தின்பதோடு அதன் நஞ்சையும் புழு உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்து பட்டாம்பூச்சியான பின்னும் அந்த நஞ்சு உடலில் இருப்பதால் பறவைகள் அதைத் தீண்டத் தயங்குகின்றன.

மஞ்சளும் நீலப்பச்சையும் தீட்டியது போன்ற எருக்கு வெட்டுக்கிளி, சிவப்பில் கருப்புக் கோலமிட்ட நாவாய்ப்பூச்சி, பூவின் நிறத்திலேயே பதுங்கியிருந்த நண்டுச் சிலந்தி, பூவுக்குப் பூ உறுமிக்கொண்டு போன கருந்தச்சன் தேனீ என்று அந்த ஒரு செடி 14 பெயர்களைக் கொடுத்தது. தச்சன் தேனீ ஒரு பூவில் ஊன்றிய காலை இழுத்தபோது, எருக்கின் மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பையாகக் காலில் தொங்கியதை லென்ஸ் இல்லாமலே பார்க்க முடிந்தது.

அப்போதுதான் ஒரு தவறும் செய்தேன். அருகில் தாழப் பறந்து அமர்ந்த பட்டாம்பூச்சியைப் பார்த்து, "இதோ, தாயே வந்துவிட்டது" என்று வெந்தய வரியன் கணக்கில் இன்னொன்றைச் சேர்த்தேன். மாணவி ஒன்றும் சொல்லாமல் என் படத்தைப் பெரிதாக்கிப் பின்னிறகைக் காட்டினார். வெந்தய வரியனுக்கு அங்கே மூன்று கரும்புள்ளிகள் இருக்கும், ஆணாயின் நான்கு. இதற்கு மேல்விளிம்பில் ஒன்றே ஒன்று. நஞ்சில்லாத ஹைபோலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற வேறோர் இனத்தின் பெண், நஞ்சுள்ளதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறது. அதன் ஆணோ கருநிற இறகில் வெள்ளைத் திட்டுகளோடு, ஒரு சம்பந்தமும் இல்லாத தோற்றத்தில் இருக்கும். பறவைகளை ஏமாற்ற வந்தது பறவை பார்ப்பவனையும் ஏமாற்றிவிட்டுப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

இரவு, புதர்க்காட்டின் திறந்த பக்கத்தில் இரண்டு கம்புகளுக்கிடையே வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்முன் புறஊதா விளக்கை ஏற்றினோம். நிலா வெளிச்சம் விளக்கின் ஈர்ப்பைக் குறைத்துவிடும் என்பதால் அமாவாசையை ஒட்டியே நாளைத் தேர்ந்திருந்தோம். முதல் அரைமணி நேரம் கொசுவும் சிறு வண்டுகளும்தான். பிறகு அந்துப்பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. வெளிர்பச்சை இறகை இலைபோல் தட்டையாக விரித்து வைத்தவை, காய்ந்த குச்சியின் துண்டு போலிருந்தவை, அரிசியளவே இருந்து குடும்பப் பெயர் வரைகூடக் கொண்டு போக முடியாதவை. பத்து மணிக்குக் கும்பிடுபூச்சி ஒன்று வேட்டியின் மேல்விளிம்பில் இடம்பிடித்துக்கொண்டு எங்கள் பட்டியலின் ஒரு பகுதியைத் தின்னத் தொடங்கியது. அதையும் பட்டியலில் சேர்த்தோம். விளக்கை அணைத்த பின் வேட்டியை உதறி எல்லாவற்றையும் புதருக்குள் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலையில் கரிச்சான் வந்து அங்கேயே பசியாறும்.

மூன்றாம் நாள்

காலையிலிருந்து மழை. கேமராக்கள் பையை விட்டு வெளிவரவில்லை. மாலையில் விட்டதும் தவளைகளுக்காகக் கலங்கலடிக்குப் போனோம். தண்ணீரின் மேற்பரப்பிலேயே தத்தித்தத்தி ஓடும் தவளையைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். வயலோரத் தவளைகளோ ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போலிருப்பதால், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வீண்முயற்சி. ஆகவே கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பேச்சு மூச்சின்றி, ஒவ்வொரு குரலையும் இரண்டு நிமிடம் பதிவு செய்தோம். பதிவில் ஐயாவின் இருமலும் இருக்கிறது. ஆறு குரல்கள் வேறுவேறு என்று தோன்றியது. மூன்றுக்குத்தான் பெயர் வைக்கத் துணிந்தேன்.

நான்காம் நாள்

காலையில் ஒரு வெட்கக்கேடு வெளிப்பட்டது. அதுவரை எடுத்த படங்களைப் பதிவேற்ற உட்கார்ந்தபோது, பஞ்சுருட்டான் நள்ளிரவில் தும்பி பிடிக்கிறது; புள்ளி ஆந்தை உச்சிவெயிலில் கிளையில் அமர்ந்திருக்கிறது. என் கேமராவின் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி நிற்பதைக் கிளம்பும் முன் பார்க்க நான் மறந்திருந்தேன். எல்லாப் படங்களின் நேரத்தையும் மாற்றி எழுதவே முற்பகல் முழுவதும் போனது. கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் மின்கலத்தைப் பார்க்கிறார்கள், நினைவட்டையைப் பார்க்கிறார்கள். கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறோம். 2008ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுநிலைப் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது அது. படம், நாள், இடம் ஆகியவை இருந்து, அடையாளம் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் பதிவு ஆய்வுத் தரத்தை எட்டும். அழியும் நிலையிலுள்ள இனமாயின், சரியான இடத்தைப் பிறர் கண்ணுக்குக் காட்டாமல் அது மறைத்தும் விடுகிறது. படத்தைப் பார்த்துச் செயலியே ஒரு பெயரைப் பரிந்துரைக்கும் வசதியில்தான் எனக்கும் பேரனுக்கும் தகராறு. அவன் பரிந்துரையில் முதலில் வருவதை அப்படியே அழுத்திவிடுகிறான். புல்வெளியில் பறக்கும் விரல்நக அளவு நீலப் பட்டாம்பூச்சிகளில் மூன்று நான்கு இனங்கள் உண்டு. இறகின் அடிப்பக்கப் புள்ளிகள் தெளிவாக விழாத படத்தை வைத்துக்கொண்டு செயலி எதைச் சொன்னாலும் அது ஊகமே. 'குடும்பம் வரை தெரியும், அதற்குமேல் தெரியாது' என்று எழுதுவது தோல்வி அல்ல என்று அவனுக்கு விளக்கினேன். "அப்படியென்றால் எண்ணிக்கையில் சேருமா, மாமா?" என்று கேட்டான். அந்தக் குடும்பத்தில் வேறு எதுவும் பட்டியலில் இல்லையென்றால் ஒன்றாகச் சேரும், இருந்தால் சேராது என்றேன். முகம் தொங்கிப் போயிற்று.

ஆனால் இன்றைய நாளின் பெரிய கண்டுபிடிப்பு அவனுடையதுதான். மதகருகே மரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கின்றன. கடிக்குப் பயந்து நாங்கள் எட்ட நின்றோம். அவன் மட்டும் அடிமரத்தோடு முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த எறும்புக்கு எட்டுக் கால் இருக்கிறது" என்றான். மாணவி ஓடி வந்தார். முசுறின் நிறம், முசுறின் ஒடுங்கிய இடை, முசுறின் தயங்கித் தயங்கி ஓடும் நடை. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போல உயர்த்தி ஆட்டுகிறது. விரலை அருகில் கொண்டுபோனதும் எந்த எறும்பும் செய்யாத ஒன்றைச் செய்தது: ஒரு நூலைவிட்டுக் கீழே இறங்கித் தொங்கியது. எறும்பு வேடமிட்ட தாவும் சிலந்தி அது. முசுறைத் தின்ன விரும்பாத எதிரிகள் இதையும் விட்டுவிடும். நான் அந்த மரத்தடியில் மூன்று நாளாகப் பையை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் ஐயா புல்லுக்கும் கோரைக்கும் இறங்கினார். கோரையின் தண்டை விரலிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாக, கணுவோடு இருக்கும். இவ்வளவுதான் எனக்கு ஏறியது. பூக்கதிரின் செதில்களை ஊசிமுனையால் பிரித்துப் பார்த்துத்தான் இனத்தைச் சொல்ல முடியும் என்றும் அதற்குக் கரையோரம் போதாது, மேசை வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கதிரை மட்டும் எடுத்து நாளிதழ்த் தாளில் மடித்துக்கொண்டார்.

ஆழமில்லாத ஓரத்தில் மீன் பார்த்ததையும் எழுத வேண்டும். தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேற்பரப்பை ஒட்டியே நீந்தும் சிறு மீன் இம்மண்ணுக்கு உரியது. கொசுப்புழுவை ஒழிப்பதற்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கம்பூசியாவுக்கு அந்தப் பொட்டு இல்லை. பொட்டில்லாதவையே அதிகம் தென்பட்டன. ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும் போல இதுவும் பட்டியலில் சேரும். யார் அழைத்து வந்தார்கள் என்று பட்டியல் கேட்பதில்லை.

இரவு மீண்டும் வேட்டி, மீண்டும் விளக்கு. மழைக்குப் பிந்திய புழுக்கத்தில் முந்தைய முறையைவிட இரு மடங்கு வந்தன.

ஐந்தாம் நாள்

நடை முடிந்தது. இன்று முழுவதும் மரநிழலில் உட்கார்ந்து கூட்டலும் கழித்தலும்தான்.

இரண்டு இரவுகளில் வேட்டிக்கு வந்த அந்துப்பூச்சிகள் 210. அவற்றில் தோற்றத்தால் பிரித்தறிய முடிந்த வகைகள் 61. இந்த 61இல் 30 வகைகள் ஒரே ஒரு பூச்சியாக மட்டும் வந்தவை, 12 வகைகள் இரண்டிரண்டாக வந்தவை. தைவானைச் சேர்ந்த புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட சூத்திரம் ஒன்று இவ்விடத்தில் உதவுகிறது. ஒருமுறை மட்டும் அகப்பட்டவற்றின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, இருமுறை அகப்பட்டவற்றின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்தால், அகப்படாமலே போனவை குறைந்தது எத்தனை என்று தெரியும். 30ஐ 30ஆல் பெருக்கினால் 900. 24ஆல் வகுத்தால் 37.5. அதாவது இன்னும் 37, 38 வகை அந்துப்பூச்சிகளாவது எங்கள் வேட்டியைத் தொடாமல் இந்தப் புதர்க்காட்டில் இருக்கின்றன. இதோடு உறவுடைய இன்னொரு கணக்கின் வேர் கணினியியலின் முன்னோடியான ஆலன் டூரிங்கிடம் இருக்கிறது. அவருடன் பணியாற்றிய ஐ. ஜே. குட் அதை 1953இல் எழுதி வெளியிட்டார். ஒற்றையாக வந்தவற்றை மொத்தப் பூச்சிகளால் வகுத்தால், அடுத்து வரும் பூச்சி புதியதாக இருக்கும் வாய்ப்பு கிடைக்கும். 210இல் 30, அதாவது ஏழில் ஒன்று. விளக்கை நேற்றிரவு அணைக்காமலே இருந்திருக்கலாம்.

பறவைகளுக்கும் சாவின் சூத்திரத்தையே போட்டுப் பார்த்தேன். ஐந்து நாள் பட்டியல்களில் மொத்தம் 68 இனங்கள். ஒரே பட்டியலில் மட்டும் இடம்பெற்றவை ஐந்து, இரண்டு பட்டியல்களில் ஏழு. 25ஐ 14ஆல் வகுத்தால் இரண்டுக்கும் குறைவு. பறவைகளைப் பொறுத்தவரை இந்த நாள்களில் இங்கிருந்தவற்றை ஏறத்தாழ முழுமையாகப் பிடித்துவிட்டோம். வேறு பருவத்தில் வந்தால் வலசை வருபவை மாறும். அது வேறு கணக்கு. எருக்கஞ்செடியின் பூச்சிகளுக்கு இந்தச் சூத்திரத்தைப் போடத் தொடங்கியபோது மாணவி தடுத்துவிட்டார். எண்ணிக்கையை அங்கே நாங்கள் முறையாகக் குறிக்கவில்லை. 'பல' என்று எழுதியதை வைத்துக்கொண்டு வகுக்க முடியாது.

நண்பகலில் மொத்தம் 442 என்று வந்தது. பேரன் அதைக் கரைமண்ணில் குச்சியால் பெரிதாக எழுதினான். ஒரு மணி நேரம்கூட அது நிற்கவில்லை. எருக்கிலும் வரப்பிலும் எடுத்த பொறிவண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த மாணவி, ஆரஞ்சில் கருப்பு வளைகோடு, மஞ்சளில் மெல்லிய கோடு, ஏறக்குறைய முழுக் கருப்பு என்று நான் மூன்று இனங்களாக எழுதியிருந்தவை மூன்றும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகள் என்று காட்டினார். இரண்டை அடித்தேன். மண்ணில் இருந்த எண்ணைப் பேரன் காலால் அழித்து 440 என்று மாற்றினான், "இன்னும் குறையுமா, மாமா?" என்று கேட்டபோது குச்சி அவன் கையிலேயே இருந்தது.

ஐயாவின் பையில் பதினோரு கதிர்கள் நாளிதழில் மடித்தபடி இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஏற்கெனவே எழுதிய புல்லாகவே இருக்கலாம் என்கிறார். ஒன்று அவரே இதுவரை பார்க்காதது. மேசையும் ஊசியும் கிடைத்த பின் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.